தந்தைக்கும் ஒரு லீவு

(சங்கத்தின் இளைஞர் பகுதிக் கூட்டத்திலே நிகழ்த்தப்பெற்ற உரை)



புதிதாகத் தந்தையாகப் போகும் ஓர் உத்தியோகத்தர் தம்முடைய லீவை எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். "பிள்ளை பெறுபவள் மனைவி, லீவு கணவனுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. "நாங்கள் லீவெடுத்தா பிள்ளை வளர்த்தோம்?" என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆகவே அதற்கு விடை சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

முன்னாளிலே தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்வாள். அங்கே தாயார், பெரியதாய், சின்னம்மா, அயல்வீட்டு ஆச்சி என்று நாலைந்து பெண்கள் கூடி நிற்பார்கள். ஊர் மருத்துவிச்சி வந்து போவாள். ஒருத்தி சரக்கு அரைப்பாள். ஒருத்தி பிள்ளையை முழுகவார்ப்பாள். ஒருத்தி துணி தோய்ப்பாள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை பெற்றவள் அடுப்படிக்கு வரவேண்டியதில்லை. துடக்கை வெறும் சடங்கென்றே நாம் எண்ணியிருக்கிறோம். ஆனால் பெற்றவளுக்கு ஒரு மாதக் கட்டாய ஓய்வும் அதற்குள்ளே அடங்கியிருந்தது. அக்காலத்துத் தந்தை லீவெடுக்காமல் இருந்தாரென்றால், அவருடைய இடத்தைப் பத்துக் கைகள் நிரப்பின என்பதே அதன் காரணம்.

இன்றைய வீட்டைப் பாருங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. கணவன் கந்தோரிலே, மனைவி வங்கியிலே. அவளுடைய தாயார் மட்டக்களப்பிலே நோயாளியான தகப்பனாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவனுடைய தாயார் ரொறன்ரோவிலே மூத்த மகளின் பிள்ளைகளோடு இருக்கிறார். 1983க்குப் பின்னர் எமது குடும்பங்கள் உலகெங்கும் சிதறின. வீடு என்பது இருவராகச் சுருங்கிவிட்டது. அந்த இருவரில் ஒருத்தி பிள்ளைபெற்றுப் படுத்திருக்கும்போது எஞ்சியிருப்பவன் யார்? கணவன் ஒருவன்தானே! அவனும் காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறிவிட்டால் அந்த வீட்டின் கதி என்ன? இதுதான் லீவு கேட்பதற்கான காரணம். இது சொகுசு அன்று. குறைந்துபோன கைகளை ஈடுசெய்யும் முயற்சி.

இனி, சட்டம் என்ன தருகின்றது என்று பார்ப்போம். தாய்மாருக்குரிய மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நமது நாட்டில் 1939ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கடை, அலுவலக ஊழியருக்கான சட்டம் 1954இல் வந்தது. மூன்றாவது பிள்ளைக்கும் அதன் பின் பிறக்கும் பிள்ளைகளுக்கும் 42 நாள் மட்டுமே என்றிருந்த குறை 2018ஆம் ஆண்டுத் திருத்தங்களால் நீங்கியது. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைசெய்யும் தாய்க்கு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் லீவு உண்டு. வாராந்த விடுமுறையும் போயா தினமும் இந்தக் கணக்கிலே சேரமாட்டா. வாரத்துக்கு ஐந்து நாள் வேலைசெய்பவர்க்கு 84 வேலைநாள் என்பது நாட்காட்டியில் ஏறத்தாழ நான்கு மாதமாகும். இந்தக் கணக்கை மனைவி மட்டும் அறிந்திருத்தல் போதாது. கணவனும் அறிந்திருக்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னர் சொல்வோம்.

தந்தைக்கு என்ன உண்டு? அரசாங்க உத்தியோகத்தர்க்கு 2006ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை 3 நாள் தந்தைமை லீவு வழங்கியது. அத்துடன் ஆண்டுதோறும் அவருக்கு 21 நாள் சமயோசித லீவும் 24 நாள் ஓய்வு லீவும் உண்டு. தனியார் நிறுவனங்களில் வேலைசெய்பவர் நிலை வேறு. 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலே தந்தைக்கென்று ஒரு நாளும் எழுதப்படவில்லை. சில பெரிய கம்பெனிகள் தாமாகவே முன்வந்து சில நாள் வழங்குகின்றன. மற்ற இடங்களில் ஊழியரின் கையில் இருப்பவை 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் சமயோசித லீவுமே. ஆக 21 நாள்.

இந்த 21 நாளும் எல்லார்க்கும் முழுமையாகக் கிடைப்பதில்லை என்பதையும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலே வருடாந்த லீவு இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் வீதம் சமயோசித லீவு மட்டுமே உண்டு. இரண்டாம் ஆண்டிலே கிடைக்கும் வருடாந்த லீவு, முதலாம் ஆண்டில் எந்த மாதம் சேர்ந்தார் என்பதைப் பொறுத்தது. தை முதல் பங்குனிவரை சேர்ந்தவர்க்கு 14 நாள். சித்திரை முதல் ஆனிவரை 10 நாள். ஆடி முதல் புரட்டாதிவரை 7 நாள். அதற்குப் பின் சேர்ந்தவர்க்கு 4 நாள். ஆகவே மனைவி கருவுற்றிருக்கும்போது நல்ல சம்பளம் என்று வேறிடத்துக்குத் தாவுகிறவர், சம்பளத்தோடு லீவுக் கணக்கையும் பார்த்துக்கொள்வது புத்தி.

அன்பர்களே! லீவு சிறிது என்பது தெரிந்துவிட்டது. சிறிய வருமானத்தைக் கொண்டு குடும்பம் நடத்துகிறவர் முதல் வாரத்திலேயே அதைச் செலவழித்துவிடுவாரா? லீவும் அப்படித்தான். ஆனால் நம்மவர் பெரும்பாலும் செய்வதென்ன? பிள்ளை பிறந்தவுடன் ஒரு வாரம் லீவெடுக்கிறார்கள். அந்த வாரத்திலோ முதல் சில நாள் தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். பார்வை நேரத்துக்கு மட்டுமே ஆண்களை உள்ளே விடுவார்கள். வீடு வந்த பின்னரும் மாமியார் இருக்கிறார், உறவினர் வருகிறார்கள். தகப்பனுக்கு வந்தவர்களுக்குத் தேநீர் கொடுப்பதும் பலகாரம் வாங்கப் போவதுமே வேலை. மூன்றாம் வாரத்தில் மாமியார் ஊருக்குப் புறப்படுகிறார். அன்றைக்குத்தான் வீட்டுக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது. அன்றைக்குப் பார்த்தால் லீவு முடிந்துவிட்டது!

இந்த உரையிலே நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுதான். பிள்ளை பிறந்த நாளை மட்டும் பார்த்து லீவெடுக்காதீர்கள். வீட்டிலே கைகள் குறையும் நாள் எது என்று பார்த்து லீவெடுங்கள்.

கைகள் குறையும் காலம் மூன்று. முதலாவது, பேற்று நாள். இரண்டாவது, உதவிக்கு வந்தவர் திரும்பிச் செல்லும் வாரம். மூன்றாவது, தாயின் 84 நாள் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பும் வாரம். இந்த மூன்றாவதை எண்ணிப்பார்ப்பவர் மிகக் குறைவு. அதுவரை தாயின் மடியிலேயே இருந்த பிள்ளை புதிய கைக்குப் பழக வேண்டும். தாய் பாலை எடுத்துவைத்துவிட்டுச் செல்லப் பழக வேண்டும். அந்த வாரத்திலே தகப்பன் வீட்டிலிருந்தால் பிள்ளை பழகிய முகத்தோடு பழகும். தாயும் கந்தோரிலே கண்ணீர் விடாமல் வேலை செய்வாள். அதனாலேதான் அந்த 84 நாள் எந்தத் திகதியில் முடிகின்றது என்பதைக் கணவனும் அறிந்திருக்க வேண்டும் என்றோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தனியார் நிறுவன ஊழியர் ஒருவரிடம் 21 நாளும் முழுமையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சமயோசித லீவு 7இல் பேற்று நாளுக்கும் மறுநாளுக்கும் 2. பிள்ளைக்கு இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் தடுப்பூசி போடும் நாட்களுக்கு 3. காய்ச்சல், தடிமன் என்று வருவதற்கு 2. வருடாந்த லீவு 14இல், உதவிக்கு வந்தவர் செல்லும் வாரத்துக்குத் தொடர்ச்சியாக 7. தாய் வேலைக்குத் திரும்பும் வாரத்துக்கு 5. எதிர்பாராத காரியத்துக்கு 2. ஆக 21. வருடாந்த லீவிலே குறைந்தது 7 நாளையாவது தொடர்ச்சியாக எடுக்கவேண்டும் என்று சட்டமே சொல்கின்றது. ஆகவே அந்த ஒரு வாரத்தைக் கேட்கும்போது தயங்கவேண்டியதில்லை. மார்கழி மாதத்தில் பிள்ளை பிறக்குமானால் இன்னொரு வசதியும் உண்டு. அவ்வாண்டு லீவில் எஞ்சியதை மார்கழியிலும், புதிய ஆண்டு லீவை அதன் பின்னரும் எடுக்கலாம். மார்கழியில் எஞ்சியிருக்க வேண்டுமாயின் சித்திரை வருடப்பிறப்புக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் லீவைச் சற்றுச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். கந்தன் குறைசொல்ல மாட்டான்!

அடுத்தது, கேட்கும் முறை. பிள்ளை பிறந்த பின் தொலைபேசியில் "ஐயா, ஒரு வாரம் வரமாட்டேன்" என்று சொல்வது முறையன்று. பேற்றுக்கு மூன்று மாதத்துக்கு முன்னரே மேலதிகாரிக்குத் தெரிவித்துவிட வேண்டும். வாயால் சொன்னால் மறந்துபோகும். எழுத்திலே கொடுக்க வேண்டும். திகதியைத் திட்டமாக எழுதாதீர்கள். வைத்தியர் குறித்த திகதியிலேயே பிறக்கும் பிள்ளைகள் குறைவு. 37ஆம் வாரம் தொடங்கி எந்நாளும் பிறக்கலாம். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இவ்வாறு எழுதலாம்:

"ஐயா, என் மனைவிக்கு ஆவணி மாத நடுப்பகுதியில் பிள்ளைப்பேறு எதிர்பார்க்கப்படுகின்றது. பேற்று நாளில் 2 நாள் சமயோசித லீவும், அதன்பின் மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில் 7 நாள் வருடாந்த லீவும், மார்கழி மாத முற்பகுதியில் 5 நாள் வருடாந்த லீவும் எடுக்க விரும்புகிறேன். சரியான திகதிகளைப் பிள்ளை பிறந்தவுடன் அறியத் தருவேன். என் வேலைகளின் விபரமும், நான் இல்லாதபோது அவற்றைப் பார்க்க இணங்கியுள்ள சகஊழியரின் பெயரும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன."

இந்தக் கடைசி வசனமே மிக முக்கியமானது. மேலதிகாரியின் மனத்தில் எழும் முதற்கேள்வி "வேலையை யார் பார்ப்பது?" என்பதே. அதற்கு விடையோடு செல்பவருக்கு லீவு கிடைப்பது எளிது. அந்தச் சகஊழியர் நாளை தந்தையாகும்போது நீங்கள் அவருடைய வேலையைப் பார்க்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

லீவு கிடைத்துவிட்டது. அந்த நாட்களில் செய்ய வேண்டியது என்ன? லீவிலே நிற்கும் தகப்பன் விருந்தாளி அல்லன். சமையல், துணி தோய்த்தல், கடைக்குப் போதல், இரவிலே பிள்ளையைத் தோளில் போட்டு ஏவறை விடச் செய்தல், இவையெல்லாம் அவனுடைய பங்கு. பால் கொடுப்பது ஒன்றைத் தவிர ஆணால் செய்யமுடியாத வேலை பிள்ளை வளர்ப்பிலே எதுவுமில்லை. தாய் பகலிலே இரண்டு மணிநேரமாவது குறைவின்றி உறங்க வேண்டும். அந்நேரத்திலே வரும் விருந்தினரை வாசலிலேயே அன்போடு பேசி அனுப்புவதும் தகப்பனின் கடமையே. பிறப்புப் பதிவையும் கையோடு முடித்துவிட வேண்டும். மூன்று மாதம் கடந்தால் அது காலங்கடந்த பதிவாகி அலைச்சலாகும். பெயரின் எழுத்துக்களை அன்றே சரிபாருங்கள். ஓரெழுத்துப் பிழைத்தால் பாடசாலையிலும் கடவுச்சீட்டிலும் அது பிள்ளையைத் துரத்தும்.

இவற்றிலும் பெரிய கடமை ஒன்றுண்டு. அது கவனித்துப் பார்த்தல். இரத்தப்போக்கு மிகுதல், காய்ச்சல், கடுமையான தலையிடி, மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியவற்றில் எது கண்டாலும் நாளை பார்ப்போம் என்றிராது தாயை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். பிள்ளை பால் குடியாதிருந்தாலும், உடல் மஞ்சளித்தாலும் அவ்வாறே. இன்னுமொன்று. பெற்றவள் காரணமின்றி அழுவதும், பிள்ளை உறங்கும்போதும் உறக்கம் வராதிருப்பதும், எதிலும் மனம் பற்றாதிருப்பதும் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், அது நோய், சோம்பலுமன்று, பேய்க்குணமுமன்று. அதற்கு வைத்தியம் உண்டு. வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் வெட்கப்படாது சொல்லுங்கள். வீட்டிலே ஆளில்லாவிட்டால் இவற்றைக் கண்டு சொல்வதற்கு யார் இருக்கிறார்கள்? அந்தத் தாயின் உயிரே சில வேளை இந்தக் கவனத்திலேதான் தங்கியிருக்கின்றது.

இவை ஆண்மைக்குத் தகுமா என்று நினைக்கும் இளைஞர் இருந்தால் அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுவோம். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையிலே எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்பது திருநாமம். பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்த ஒரு செட்டிப் பெண்ணின் தாய், காவிரி பெருகியதால் இக்கரை வரமுடியாது நின்றாளாம். அப்பொழுது சிவபெருமானே அவளுடைய தாய் வடிவிலே வந்து மருத்துவம் பார்த்தார் என்பது தலவரலாறு. அன்று காவிரி குறுக்கே நின்றது. இன்று கடல்கள் குறுக்கே நிற்கின்றன, தாயார் வரமுடியவில்லை. இறைவன் செய்யத் தயங்காத தொண்டைச் செய்யக் கணவன் தயங்கலாமா?

இப்பொழுது சங்கப் பெரியோர்களை நோக்கி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். உங்களிற் பலர் கடை வைத்திருக்கிறீர்கள், கம்பெனி நடத்துகிறீர்கள், கந்தோர்களில் மேலதிகாரிகளாக இருக்கிறீர்கள். சட்டம் சொல்லாததையும் நீங்கள் செய்யலாம். பத்துப் பேர் வேலைசெய்யும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஆண்டுக்கு 280 நாள் வேலை செய்தால், பத்துப் பேருக்கும் 2,800 வேலைநாள். அவ்வாண்டிலே ஒருவர் தந்தையானால், அவருக்குப் பத்து நாள் சம்பளத்தோடு லீவு கொடுப்பதால் குறைவது 2,800இல் 10. ஆயிரத்துக்கு நான்கு நாள்கூட இல்லை! இதற்கு ஈடாக, "என் வீட்டுக் கஷ்டத்தில் முதலாளி நின்றார்" என்று ஓர் ஊழியன் ஆயுள்முழுதும் நினைப்பான். இந்த ஊதியத்தை எந்த வியாபாரத்திலே பெறமுடியும்?

பிறநாட்டு அனுபவமும் இதற்குச் சான்று. 1974ஆம் ஆண்டிலே சுவீடன் தேசம் பிள்ளை வளர்ப்பு லீவைத் தாய் தந்தை இருவருக்கும் பொதுவாக்கியது. ஆயினும் ஆண்களிற் சிலரே அதை எடுத்தனர். 1993இல் நோர்வே நான்கு வாரத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்கி, அவர் எடாவிட்டால் அது வீணாகும் என்று விதித்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே பெரும்பான்மையான தந்தைமார் லீவெடுத்தனர். 1995இல் சுவீடனும் அவ்வழியைப் பின்பற்றியது. யப்பானிலோ 1992இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தந்தைக்கும் நீண்ட லீவுக்கு இடம் கொடுத்தும், கந்தோரிலே என்ன நினைப்பார்களோ என்று நெடுங்காலம் மிகச் சிலரே அதைத் தொட்டனர். எனவே சட்டமும் வேண்டும். லீவு கேட்பவனைப் பார்த்துச் சிரிக்காத சகஊழியரும் வேண்டும். "போய் வா தம்பி" என்று சொல்லும் பெரியவரும் வேண்டும்.

லீவே இல்லாதவர்களையும் நாம் மறத்தலாகாது. கடற்றொழிலாளி, கமக்காரன், மேசன், ஓட்டோ ஓட்டுபவர் ஆகியோருக்கு வேலைக்குப் போகாத நாள் உலை கொதிக்காத நாள். நமது இளைஞர் பகுதியிலே அங்கத்தவரின் வீட்டிலே பிள்ளை பிறந்தால், முதல் இரண்டு வாரத்துக்கு முறைவைத்து ஒவ்வொரு வீட்டாரும் ஒருநேரச் சாப்பாடு கொண்டுசென்று கொடுக்கலாம். திருவிழாவுக்கு முறைவைத்துத் தண்ணீர்ப்பந்தல் நடத்தத் தெரிந்த எமக்கு இது கடினமான காரியமா?

முடிவாக இரண்டு வேண்டுகோள்களை இச்சபையின் முன் வைக்கின்றோம். எமது அங்கத்தவரில் தொழில் கொடுப்பவராக உள்ளவர்கள், தம்மிடம் வேலைசெய்யும் தந்தைமாருக்குப் பத்து நாளாவது சம்பளத்தோடு லீவு கொடுக்க முன்வர வேண்டும். தந்தையாகப் போகும் இளைஞர்கள் இன்றிரவே ஒரு நாட்காட்டியை எடுத்து, மனைவியோடு அமர்ந்து, அந்த மூன்று காலங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை நாட்காட்டியைப் பார்த்துப் பிறப்பதில்லை. ஆனால் தந்தை அதைப் பார்த்துத்தான் ஆயத்தமாக வேண்டும்.